6.5 க்ரீட்மூர்: மானுக்கும் பேப்பருக்கும் ஒரே ரைஃபிள்

டெக்சஸ்ல மான் சீசன் நவம்பர்ல ஆரம்பிக்கும், அதுக்கு முன்னாடியே நம்மாளுங்க கேக்க ஆரம்பிச்சுடுவாங்க, மானுக்கும் ஆகணும், சனிக்கிழமை ரேஞ்சுல பேப்பர் (காகித டார்கெட்) சுடவும் ஆகணும், எந்த காட்ரிட்ஜ்ல, அதாவது எந்த தோட்டா வகைல, ரைஃபிள் எடுக்குறதுன்னு. என் ஓட்டு 6.5 க்ரீட்மூருக்கு. ஆனா அது மானுக்காக இல்ல, பேப்பருக்காக.

மான பொறுத்தவரைக்கும் இவ்ளோ யோசிக்கவே தேவையில்ல. டெக்சஸ் ஹில் கன்ட்ரி பக்கம் இருக்குற வொயிட்டெயில் மான் சின்ன உடம்பு, பெரும்பாலும் மக்காச்சோளம் போடுற ஃபீடர்கிட்ட (தீனி போடுற பெட்டி) 100 யார்டுக்குள்ளதான் வந்து நிக்கும். அந்த தூரத்துல .243, .270, .308ன்னு எந்த தோட்டா வகை இருந்தாலும் சரியான எடத்துல பட்டா விழுந்துடும். .30-06 வந்தது 1906ல, இன்னைக்கும் அதுல மான் விழுந்துகிட்டுதான் இருக்கு, கடைக்காரன் என்ன புது பேர் சொன்னாலும் மானுக்கு அதெல்லாம் தெரியாது.

க்ரீட்மூர ஹார்னடி கம்பெனி 2007ல கொண்டு வந்ததே தூரமா வெச்ச டார்கெட்ட சுடுற போட்டிக்காரங்களுக்காகத்தான். குண்டு ஒல்லியா நீளமா இருக்கும், காத்த நல்லா கிழிச்சுட்டு போகும். 140 கிரெய்ன் (குண்டோட எடைய சொல்ற அளவு) குண்டு செகண்டுக்கு சுமார் 2700 அடி வேகத்துல கிளம்பும், 168 கிரெய்ன் .308ம் கிட்டத்தட்ட அதே வேகம்தான், ஆனா 500 யார்டுல மணிக்கு 10 மைல் வேகத்துல பக்கவாட்டுல காத்தடிச்சா .308 இருபது அங்குலம் போல ஒதுங்கும், க்ரீட்மூர் பதிமூணு பதினாலுல நின்னுடும். 100 யார்டுல மட்டும் சுடுறவங்களுக்கு இந்த வித்தியாசம் கண்ணுல கூட படாது, அவங்க இதுக்காக காசு கொடுக்க வேணாம்.

ஆனா உதை விஷயம் எல்லாருக்கும் உண்டு. ஒரே எடை ரைஃபிள்ல .308 கொடுக்குற உதைய விட இதுல கால் பங்குக்கு மேல கம்மி. பெஞ்சுல உக்காந்து .308ல ரெண்டு டப்பா சுட்டா தோள் வலிக்குதோ இல்லையோ மனசு பயந்துடும், ட்ரிகர் விழுறதுக்கு முன்னாடியே உடம்பு இறுகிடும். சந்தேகம் இருந்தா ஃப்ரெண்டுகிட்ட சொல்லி நமக்கு தெரியாம மேகசின்ல நடுவுல ஒரு டம்மி ரவுண்டு போட சொல்லுங்க. அந்த ரவுண்டு வரும்போது டிக்னு சத்தம் மட்டும் வரும், வெடி இல்ல, ஆனா பேரல் நுனி அப்படியே கீழ குத்தும், எல்லாருக்கும் முன்னாடி மானம் போயிடும். க்ரீட்மூர்ல இந்த வியாதி கம்மியா வரும், அதனால நெறைய ப்ராக்டிஸ் பண்ணலாம், அந்த ப்ராக்டிஸ்தான் கடைசில மானுக்கும் உதவுது. .243 இத விட மெத்துன்னு உதைக்கும், ஆனா பழைய .243 ரைஃபிள்கள்ல ட்விஸ்ட் (பேரலுக்குள்ள குண்ட சுழல வைக்கிற வரி) பெரும்பாலும் 10 அங்குலத்துக்கு ஒரு சுத்துதான், நீளமான கனத்த டார்கெட் குண்டு அதுல நிலையா சுத்தாது. க்ரீட்மூர் வழக்கமா 8 அங்குலத்துக்கு ஒரு சுத்துன்னு வருது.

குறைன்னா பேரல் ஆயுசு. ரெண்டாயிரம் மூவாயிரம் ரவுண்டுல போட்டி அளவு துல்லியம் குறைய ஆரம்பிக்கும், .308 ஐயாயிரத்த தாண்டியும் ஓடும். .308க்கு விலை கம்மியான மிலிட்டரி டைப் தோட்டாவும் கிடைக்கும், ரேஞ்சுக்கு ஓகே, ஆனா அந்த முழு உறை போட்ட குண்டு மானுக்கு ஆகாது, விரியாம ஊசி மாதிரி துளைச்சுட்டு போயிடும், பல ஸ்டேட்ல சட்டப்படியே கூடாது.

இன்னொன்னு, ஹார்னடியோட மான் தோட்டா இஎல்டி-எக்ஸ், டார்கெட் தோட்டா இஎல்டி மேட்ச், ரெண்டுக்கும் குண்டு நுனில அதே சிவப்பு பிளாஸ்டிக். டப்பாவ விட்டு வெளிய எடுத்து கைல வெச்சு பாத்தா எது எதுன்னு சொல்றது கஷ்டம், ஆனா மேட்ச் குண்டு மானுக்காக செஞ்சது இல்ல, உள்ள போய் எப்படி உடையும்னு நம்ப முடியாது. ரெண்டையும் ஒரே பையில கலந்து போட்டுடாதீங்க.

வாங்குறதுக்கு முன்னாடி உங்க ஸ்டேட் சட்டத்த பாருங்க. கொலராடோல மானுக்கு குண்டு விட்டம் .24 அங்குலத்துக்கு கீழ கூடாது, வர்ஜீனியால .23க்கு கீழ கூடாது, அதனால .223 ரெண்டு எடத்துலயும் அவுட். ஒஹையோல மானுக்கு ரைஃபிள்னா கழுத்து சுருங்காத நேர் கேஸ் (தோட்டாவோட உலோகக் கூடு) தோட்டா மட்டும்தான், அங்க க்ரீட்மூர் மானுக்கு செல்லாது, 2019ல வந்த .350 லெஜன்ட் மாதிரி ஏதாவது பாக்கணும். கலிஃபோர்னியால 2019 ஜூலைலேர்ந்து வேட்டைக்கு ஈயமே கூடாது, செம்பு குண்டுதான். அப்புறம் எச்1பி (அமெரிக்க தற்காலிக வேலை விசா) மாதிரி விசால இருக்குறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வெச்சிருக்க ஃபெடரல் சட்டம் பொதுவா விடாது, செல்லுபடியாகுற வேட்டை லைசென்ஸ் இருந்தா விலக்கு உண்டு, ஆனா ஒரு வக்கீல்கிட்ட கேட்டுட்டு ரேஞ்சு பக்கம் போங்க.

நான் 5க்கு 4 கொடுப்பேன். வாங்குனா மொதல்லயே மொத்தமா தோட்டா அள்ளாதீங்க, மூணு பிராண்டுல ஒவ்வொரு டப்பா வாங்கி எது உங்க பேரலுக்கு பிடிக்குதுன்னு சுட்டு பாருங்க, பிடிச்சதுல டப்பா மேல இருக்குற லாட் நம்பர் (ஒரே தொகுதியா தயாரானதுங்குற எண்) ஒண்ணா இருக்குற மாதிரி பாத்து எடுத்து வெச்சுக்கங்க.