ஜப்பானியமா, கொரியமா, சீனமா: பட்டப்படிப்புக்கு எதை எடுக்கலாம்?

டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் இந்த மூன்று மொழிகளுக்கும் பி.ஏ. ஆனர்ஸ் உண்டு, சேர்க்கை கியூட் என்னும் பொது நுழைவுத் தேர்வின் வழியாக. சாந்திநிகேதனில் 1937-இல் தாகூர் காலத்திலேயே தொடங்கிய சீன மொழித் துறையான சீன பவனம் இருக்கிறது. பிளஸ் டூ முடித்துவிட்டு இவற்றுக்கு விண்ணப்பிக்க நினைக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் கேட்பது, மூன்றில் எது எளிது என்பதுதான். ஆறு மாதச் சான்றிதழ் வகுப்புக்கு அந்தக் கேள்வி போதும். பட்டப்படிப்புக்குப் போகிறவர் கேட்க வேண்டியது வேறு: மூன்றாம் ஆண்டில் நான் எதை வாசித்துக்கொண்டிருப்பேன்?

எளிமையைப் பற்றியே முதலில் பேசிவிடுவோம். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசுகிறவருக்கு இந்த மூன்றுமே கடினம் என்று ஒரே வரிசையில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 2,200 வகுப்பு மணி ஒதுக்குகிறது. தமிழருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஜப்பானியத்திலும் கொரியத்திலும் வினை கடைசியில்தான் வரும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். இன்னும் ஆழமான ஒற்றுமை துணைவினைகளில் இருக்கிறது. நாம் "செய்து பார்" என்கிறோமே, முயன்று பார் என்ற பொருளில்? ஜப்பானியர் "ஷிதே மிரு" என்பார்கள், கொரியர் "ஹே பொதா" என்பார்கள். மிரு, பொதா இரண்டுக்கும் பொருள் பார்ப்பதுதான். நம் "செய்து வை"க்கு ஜப்பானியத்தில் "ஷிதே ஒகு", கொரியத்தில் "ஹே துதா". ஆங்கில வழிப் பாடநூல் பக்கம் பக்கமாக விளக்குவதைத் தமிழ்ப் பிள்ளை ஒரே வரியில் பிடித்துக்கொள்ளும். இதை வைத்து மொழிக்குடும்ப உறவு பேசப் புறப்பட வேண்டாம். ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ முன்வைத்த தமிழ்–ஜப்பானிய உறவுக் கொள்கையை மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. உறவு இல்லாவிட்டாலும் வகுப்பறையில் கிடைக்கும் வசதி உண்மையானது.

சீனத்தில் இந்த வசதி இல்லை. வினை நடுவில் வரும், உருபு கிடையாது, நான்கு தொனிகளில் ஒன்று தவறினால் சொல்லே மாறிவிடும். மூச்சு சேர்ந்த ப, மூச்சு சேராத ப என்ற வேறுபாடும் நம் காதுக்குப் புதிது.

முதல் ஆண்டில் கொரியத்துக்கு இணை எதுவும் இல்லை. சேஜோங் மன்னர் 1446-இல் வெளியிட்ட ஹங்குல் என்னும் கொரிய எழுத்துமுறையில் இன்று அடிப்படை மெய்கள் 14, உயிர்கள் 10. ஒரு வாரத்தில் எழுத்துக்கூட்டி வாசிக்கலாம். "பாம்பு" என்னும் சொல்லில் முதல் பகரம் ஒரு மாதிரியும் அடுத்தது வேறு மாதிரியும் ஒலித்தாலும் எழுத்து ஒன்றுதான். கொரியத்திலும் அப்படியே. ஆனால் இந்த மகிழ்ச்சி நெடுநாள் நிற்காது. கொரியச் சொற்களில் பாதிக்கும் மேற்பட்டவை சீன வேர் கொண்டவை. 1145-இல் தொகுக்கப்பட்ட அவர்களுடைய பழைய வரலாற்று நூலான சம்குக் சாகி எழுதப்பட்டதே செவ்வியல் சீனத்தில். தொடர் நாடகங்களின் மீதுள்ள ஆசையால் சேர்ந்தவர் இங்கே திணறுவார்.

ஜப்பானியத்தில் திணறல் முதல் ஆண்டிலேயே வந்துவிடும். இரண்டு அசை எழுத்து முறைகள். அவற்றின் மேல் அரசு வகுத்த பொதுப் பயன்பாட்டுக் கான்ஜி, அதாவது சீன எழுத்துகள், 2,136. சீனத்தில் ஓர் எழுத்துக்குப் பெரும்பாலும் ஓர் ஒலிதான். ஜப்பானியத்திலோ மலையைக் குறிக்கும் எழுத்தைத் தனியே நின்றால் "யாமா" என்றும், ஃபுஜி மலையின் பெயரில் "சான்" என்றும் படிக்க வேண்டும். இதற்கு ஈடாகக் கிடைக்கும் ஆதரவு பெரியது. ஜே.எல்.பி.டி. என்னும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வைச் சென்னையிலேயே எழுதலாம். ஜப்பானிய அரசின் உதவித்தொகைகளில் ஒரு பிரிவு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஜப்பானிய மொழியையோ பண்பாட்டையோ முதன்மைப் பாடமாகப் படிக்கும் இளங்கலை மாணவர்களுக்கென்றே இருக்கிறது. வெறும் தேர்வுச் சான்றிதழ் வைத்திருப்பவர் அதற்கு விண்ணப்பிக்க முடியாது. சோழர் கல்வெட்டுகளில் வாழ்நாளைச் செலவிட்ட நொபொரு கராஷிமாவைப் போன்ற அறிஞர்கள் வந்த கல்விமரபு அது என்பது எனக்குத் தனி மகிழ்ச்சி.

வேலையைப் பொறுத்தவரை மூன்றுக்கும் இடம் உண்டு. ஒரகடத்தில் நிசான் கூட்டாகத் தொடங்கிய ஆலை, இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய், ஸ்ரீபெரும்புதூர் சாம்சங், தைவானின் ஃபாக்ஸ்கான் எல்லாம் சென்னையைச் சுற்றியே வந்தவை. மொழிபெயர்ப்பாளர் வேலை மட்டுமே குறி என்றால் ஜப்பானியத்தை எடுங்கள். படிப்படியான தேர்வும் உதவித்தொகையும் அதில்தான் தெளிவாக அமைந்திருக்கின்றன. கொரியத்தை விரும்பி எடுப்பவர் முதல் ஆண்டிலிருந்தே சீன எழுத்துகளையும் சேர்த்துப் படிக்கட்டும்.

வாசிப்பிலும் ஆய்விலும் நாட்டம் உள்ள பிள்ளைக்கு நான் தயங்காமல் சொல்வது சீனம். தொடக்கம் கடினம்தான். ஆனால் மற்ற இரண்டு மொழிகளின் பழைய நூல்களுக்கும் அதுவே வாசல். 720-இல் முடிந்த ஜப்பானின் நிஹோன் ஷோகியும் சீனத்தில் எழுதப்பட்டதே. நம் வரலாற்றின் ஒரு பகுதியும் அங்கே கிடக்கிறது. 1015-இல் சோழத் தூதுக்குழு சீன அரசவைக்கு வந்ததைச் சோங் அரசமரபின் வரலாற்று நூல் பதிவு செய்திருக்கிறது. சீனாவின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது.

கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு கல் இருக்கிறது. 1409-ஆம் ஆண்டு தேதியிட்டது, சீனக் கடற்தளபதி செங் ஹேயின் பயணத்தோடு வந்தது, 1911-இல் இலங்கையின் காலி நகரில் கண்டெடுக்கப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள். காணிக்கைப் பட்டியல் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றே. காணிக்கை பெறுபவர்தான் வேறு. சீனத்தில் புத்தர், தமிழில் தேனாவரை நாயனார் என்னும் இந்துக் கடவுள், பாரசீகத்தில் அல்லாஹ். தமிழ்ப் பகுதியை மட்டும் படித்தவருக்கு அது ஒரு கோயில் காணிக்கைச் சாசனம். பக்கத்திலிருக்கும் சீன வரிகளையும் தானே படிக்கக்கூடிய தமிழர் மிகச் சிலர்.