பழைய டீசல் லாரியின் சைலன்சர்: பெயின்ட்டா, அலுமினியப் பூச்சா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா?

போன தடவை கழற்றிய சைலன்சரைத் தூக்கிப் போடாமல் கிரைண்டரில் நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். வெளியே நான் அடித்த கறுப்பு பெயின்ட் முக்கால்வாசி அப்படியே இருந்தது. உள்ளே அடிப்பக்கத் தகடு சருகு சருகாக உரிந்து, விரல் பட்டதும் பொடியாகக் கொட்டியது. மேல்பாதியில் துரு பேருக்குத்தான். தண்ணீர் தேங்கிய இடம் போயிருந்தது, தேங்காத இடம் நின்றிருந்தது. துருவுக்கு எது நல்லது என்று யார் கேட்டாலும் நான் முதலில் பேசுவது இந்த உள்பக்கத்தைப் பற்றித்தான்.

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் புகையோடு போகிறது. குழாய் முழுக்கச் சூடேறிவிட்டால் சிக்கல் இல்லை. நாலு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தும் வண்டியில் அந்த ஆவி பின்பக்கத்திலேயே குளிர்ந்து தண்ணீராகிவிடும். டீசலில் இருக்கும் கந்தகம் அதோடு சேர்ந்தால் அமிலம். இப்போது பல நாடுகளில் கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் கூடாது. பழைய வண்டிகள் முன்பு குடித்த டீசலில் அது பல மடங்கு. நிறுத்திய இடத்திலேயே அரை மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டால் உள்ளே காய்ந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். காயாது. சுமையில்லாமல் ஓடும் டீசல் எஞ்சினின் புகைக்கு அவ்வளவு சூடு கிடையாது, தண்ணீர்தான் சேரும். பாரத்தோடு சாலையில் நல்ல ஓட்டம் ஓட்டினால்தான் சைலன்சர் உலரும்.

சரி, குழாய் இன்னும் கெட்டியாக இருக்கிறது, மாற்றும் எண்ணமில்லை என்றால் மிச்சமிருப்பது வெளிப்பூச்சு. சூடு தாங்கும் பெயின்ட் சிலிக்கோன் பிசின் கலந்தது. 600 டிகிரி செல்சியஸ் என்று டப்பாவில் போட்டிருப்பார்கள். வயர் பிரஷ் போட்டு, உப்புத்தாளால் தேய்த்து, தின்னரால் துடைத்து, மெல்லிசாக இரண்டு மூன்று கோட் அடித்து, டப்பாவில் சொன்னபடி படிப்படியாகச் சூடேற்றினால்தான் அது நிற்கும். துரு மேலேயே அடித்தால் சீக்கிரமே பொருக்குப் பொருக்காக உதிர்ந்துவிடும். துத்தநாகப் பெயின்ட்டைக் கடைசிக் குழாய்க்கும் தாங்கிகளுக்கும் அடிக்கலாம். துத்தநாகம் சுமார் 420 டிகிரியில் உருகிவிடும், அதனால் எஞ்சினை ஒட்டிச் சூடு அதிகமாக இருக்கும் டர்போ பக்கம் கொண்டு போகாதீர்கள்.

கழிவு ஆயில் பூசுவது வேண்டவே வேண்டாம். சேஸிசில் அது பழைய வழக்கம். சூடான சைலன்சரில் புகைந்து எரிந்து போகும், தீப்பிடிக்கவும் செய்யும். சூட்டுக்காகச் சுற்றும் கண்ணாடி இழை நாடாவையும் துருவுக்கு மருந்தாக நினைக்காதீர்கள். மழைத் தண்ணீரை உறிஞ்சி ஈரத்துணி போலக் குழாயோடு ஒட்டிக்கொள்கிறது.

மாற்றுவதென்று முடிவெடுத்தால் போட்டி மூன்று உலோகங்களுக்கு நடுவில்.

அலுமினியப் பூச்சுக் குழாய் என்பது சாதா இரும்பின் இரண்டு பக்கமும் அலுமினியமும் சிலிக்கனும் உருக்கிப் பூசியது. உள்பக்கமும் பூச்சு இருப்பதுதான் பெயின்ட்டைவிட இதற்குள்ள பெரிய பலம். ஆனால் அறுத்த முனையிலும் வெல்டிங் போட்ட இடத்திலும் பூச்சு போய்விடும், துரு அங்கேதான் ஆரம்பிக்கும். வெல்டிங் ஆறியதும் அந்த இடத்தைச் சுத்தம் செய்து சூடு தாங்கும் பெயின்ட் அடிப்பதைப் பட்டறையில் கூடவே நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

409 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குரோமியம் சுமார் 11 சதவீதம். சில மாதங்களில் மேலே பழுப்பு படரும். அதைப் பார்த்து ஏமாந்துவிட்டோம் என்று பதற வேண்டாம். பெரும்பாலும் அது மேலோட்டமான துரு, தகட்டை எளிதில் துளைக்காது. காந்தம் ஒட்டினாலும் சந்தேகப்படாதீர்கள், 409-ல் ஒட்டத்தான் செய்யும்.

304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குரோமியம் சுமார் 18, நிக்கல் 8 சதவீதம். துருவை எதிர்ப்பதில் மூன்றிலும் இதுதான் முதலிடம், விலையிலும் அப்படியே. இதன் தொல்லை வேறு. 3 மீட்டர் குழாய் 300 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் சாதா இரும்பு 11 மி.மீ. போல நீளும், 304 ரகம் 15 மி.மீ.-ஐத் தாண்டும். நீள இடமில்லாமல் இறுக்கிக் கட்டினால் வெல்டிங் ஓரத்தில் விரிசல் விடும். நடுவில் நெளிவுக் குழாய் ஒன்றும் ரப்பர் தாங்கிகளும் வேண்டும். சாதா இரும்போடு இணைப்பதாக இருந்தால் 309 ரக வெல்டிங் கம்பி கேளுங்கள்.

நான் தேர்ந்தெடுத்தது சைலன்சருக்கு 409, குழாய்களுக்கு அலுமினியப் பூச்சு. தண்ணீர் தேங்குவது சைலன்சரில்தான், அதனால் நல்ல உலோகம் அங்கே போகட்டும். கடல் உப்பிலோ, பனிக்கு உப்புத் தூவிய சாலையிலோ தினமும் ஓடி, இன்னும் பத்து வருடம் கையில் இருக்கப் போகும் வண்டி என்றால் 304-க்குச் செலவழிக்கத் தயங்க மாட்டேன். இரண்டு வருடத்தில் விற்கப் போகும் வண்டிக்குப் பெயின்ட் போதும்.

எந்த உலோகமானாலும், புதிய சைலன்சரை மாட்டும் முன் அடிப்பக்கத்தின் மிகத் தாழ்ந்த இடத்தில் வடிகால் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், உங்கள் ஊர் விதி தடுக்காத பட்சத்தில், 3 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். கொஞ்சம் கரி கசியும், அவ்வளவுதான். குழாய் மேல்நோக்கி நிற்கும் வண்டிக்கு மழை மூடி கட்டாயம். அப்புறம், போல்ட்டுகளின் மரையில் நிக்கல் கலந்த ஆன்டி-சீஸ் பசை தடவி மாட்டுங்கள். அடுத்த தடவை நட்டைக் கேஸ் கட்டர் வைத்து அறுக்க வேண்டியிருக்காது.