மாண்டவிப் படகா, நம்ம ஊர்ப் பரிசலா?

போன மாதம் அக்காவும் மாமாவும் கோவா போய்விட்டு வந்தார்கள். வந்த நாளிலிருந்து மாமாவின் போனில் ஒரே வீடியோதான் ஓடுகிறது. அந்திச் சிவப்பு வானம், ஆற்றில் மெல்ல நகரும் இரண்டு மாடிப் படகு, மேல்தளத்தில் ஆட்டம் பாட்டம். தட்டில் பஜ்ஜி தீர்வதற்குள் மூன்று தடவை பார்த்தாகிவிட்டது. அப்புறம் கேட்டார்: "உங்க தர்மபுரியில இந்த மாதிரி ஒண்ணு இருக்கா மாப்ள?"

அவர் சென்னைக்காரர். கேள்வி கேட்கும்போதே பதிலுக்கும் சேர்த்துச் சிரித்துவிடுவார்.

படகு இருக்கிறது, அஸ்தமனம் இருக்கிறது, மீன் இருக்கிறது, திறந்தவெளி ஆட்டமும் இருக்கிறது. ஒரே டிக்கெட்டில்தான் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் நானும் அம்மாவை அழைத்துக்கொண்டு அந்த மாண்டவிப் படகில் ஏறியவன் என்பதால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. நடுவில் ஊர்ப்பற்று எட்டிப் பார்த்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கோவா. பணஜியில் மாண்டவிப் பாலத்தை ஒட்டிச் சாந்தா மோனிகா படகுத்துறை. அங்கிருந்து கிளம்பும் மாலைப் படகு முகத்துவாரம் பக்கம் போய்த் திரும்பும். மொத்தம் ஒரு மணி நேரம். ஒரு கரையில் ரெய்ஸ் மாகோஸ் கோட்டை, எதிரே அரபிக்கடல், அதற்குள் இறங்கும் சூரியன். இதை மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது. மெரினாவில் நின்றால் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் கட்டடங்களுக்குள் போய்விடுவான். அங்கே கண்ணெதிரே தண்ணீருக்குள் இறங்குகிறான். அஸ்தமனத்துக்கு மாண்டவிக்கு நூற்றுக்கு நூறு, போட்டியே இல்லை.

ஆட்டம்தான் சிக்கல். ஃபுக்டி, தேக்னி, போர்த்துக்கீசியர் வழி வந்த கொரிதின்யோ என்று ஆடுகிறார்கள். ஆடுகிறவர்கள் நன்றாகவே ஆடினார்கள். ஆனால் ஒவ்வொன்றும் சூடு பிடிப்பதற்குள் முடிந்துவிடும். நடுநடுவே மைக்கில் ஒருவர் "குழந்தைகள் வாங்க, ஜோடிகள் வாங்க" என்று இந்தியில் அழைக்க, பயணிகளே மேடை ஏறிச் சினிமாப் பாட்டுக்கு ஆடுவார்கள். நாங்கள் ஏறிய படகில் எங்கள் நாற்காலிக்கு நேர் பின்னால் ஆளுயர ஸ்பீக்கர். அம்மா முந்தானையைச் சுருட்டிக் காதில் வைத்துக்கொண்டார். சூரியன் தண்ணீரைத் தொட்ட அந்த இரண்டு நிமிஷமும் பாதிக் கூட்டம் மேடையைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. காசு கொடுத்தது எதற்கு என்று கேட்கத் தோன்றியது.

மாமாவின் வீடியோவில் வராத இன்னொன்று, சாப்பாடு. அந்த ஒரு மணி நேரப் படகில் கொறிக்கத்தான் ஏதாவது கிடைக்கும். இலை போட்ட மாதிரி சாப்பாடு வேண்டுமென்றால் அது வேறு படகு, வேறு டிக்கெட், இருட்டிய பிறகு. அப்போது ஆற்றில் தெரிவது சூரியன் இல்லை, நங்கூரம் போட்டு நிற்கும் சூதாட்டக் கப்பல்களின் கலர் விளக்கு. ஆக, எல்லாம் ஒரே சீட்டில் என்பது அங்கேயும் முழு உண்மை இல்லை.

இனி நம்ம பக்கம். படகு என்றால் ஒகேனக்கல்தான். தர்மபுரியிலிருந்து பெண்ணாகரம் வழியாக 46 கிலோமீட்டர், கடைசியில் மலைப்பாதை. பரிசலைப் படகு என்று சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கும். மூங்கில் பத்தையைப் பின்னி அடியில் தார் பூசிய பெரிய கூடை அது. ஒரு காலத்தில் தோல் போர்த்தினார்கள், இப்போது பிளாஸ்டிக் தாள். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஏறியவுடன் எல்லோரும் குத்துக்காலிட்டு வட்டமாக உட்கார வேண்டும். ஒருவர் கொஞ்சம் சாய்ந்தால் எதிரே இருப்பவர் உயர்வார். பரிசல் ஓட்டி ஒற்றைத் துடுப்பால் ஒரு பக்கம் மட்டும் வலித்தே அதை நேராகக் கொண்டுபோவது எப்படி என்று இத்தனை வருஷம் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை.

நடுவில் பாறை குறுக்கிடும் இடத்தில் நம்மை இறங்கி நடக்கச் சொல்லிவிட்டு, பரிசலைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் நடப்பார். பின்னாலிருந்து பார்த்தால் ஒரு கறுப்புக் குடைக்கு இரண்டு கால் முளைத்த மாதிரி இருக்கும். மறுபடி தண்ணீர், மறுபடி உட்காரல். இருபுறமும் பாறைச் சுவர் உயர உயரப் பேச்சு தானாக நின்றுவிடும். அருவிக்குக் கிட்டே போனதும் சாரல் முகத்தில் ஊசி குத்தும். கன்னடத்தில் ஹொகே என்றால் புகை, கல் என்றால் கல்தான். புகையும் கல் என்று பெயர் வைத்தவன் அந்த இடத்தில் நின்றுதான் வைத்திருக்க வேண்டும். தண்ணீர் அடங்கிய பக்கம் இன்னொரு பரிசல் நம்மோடு ஒட்டி வந்து நிற்கும். அதில் சிப்ஸ், கூல்டிரிங்ஸ், வறுத்த மீன். மிதக்கும் கடை. அப்புறம் ஓட்டி துடுப்பை ஊன்றி ஒரு சுற்று சுற்றிவிடுவார், எல்லோரும் கத்துவார்கள். மாண்டவியின் ஸ்பீக்கரைவிட எனக்கு அந்தக் கத்தல் பிடிக்கும்.

குறை இல்லையா? இருக்கிறது, பெரிய குறையே இருக்கிறது. பரிசலில் அஸ்தமனம் பார்க்க முடியாது. பொழுது சாய்வதற்கு முன்பே ஓட்டத்தை நிறுத்திவிடுவார்கள். நிறுத்துவதும் சரிதான், அந்தச் சுழலில் இருட்டில் யார் போவது? ஓட்டினாலும் பயனில்லை, அந்தப் பாறை இடுக்கில் வெயில் சீக்கிரமே மலைக்குப் பின்னால் போய்விடும். இன்னொன்று, கவுன்ட்டரில் எழுதிப் போட்ட கட்டணம் ஒன்று, கரையில் வந்து பேரம் பேசுகிறவர் சொல்வது ஒன்று. சீட்டு வாங்காமல், லைஃப் ஜாக்கெட் மாட்டாமல் யார் கூப்பிட்டாலும் ஏறாதீர்கள்.

சாப்பாட்டில் ஒகேனக்கல்லை அடிக்க ஆளில்லை. கடையில் மீனைக் காட்டி வாங்கி, அங்கேயே சமைத்துக் கொடுக்கும் அக்காக்களிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போகலாம். எண்ணெய் தேய்த்து, அருவியில் நின்று, உடம்பெல்லாம் லேசாகித் திரும்பி வரும்போது குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். கட்லா, ரோகு, கிடைத்தால் வாளை. வீட்டிலிருந்து ஒரு தூக்கில் கேழ்வரகுக் களி கொண்டுபோய்விடுங்கள். அந்தக் குழம்புக்குச் சோறு இரண்டாம் பட்சம்தான். ஆனால் இது மத்தியானச் சாப்பாடு. ராத்திரிச் சாப்பாடு என்று உட்கார்ந்தால் திரும்பும் காட்டுப்பாதையில் யானை குறுக்கே வரும் நேரம் ஆகிவிடும்.

சரி, அஸ்தமனத்துக்கு எங்கே போவது? கிருஷ்ணகிரி அணை. கே.ஆர்.பி. டேம் என்றால்தான் பஸ்ஸில் இறக்கிவிடுவார்கள். தென்பெண்ணையின் குறுக்கே கட்டி 1957இல் காமராஜர் திறந்து வைத்தது, கொள்ளளவு மட்டம் 52 அடி. ஆறு ஓசூர்ப் பக்கமிருந்து வருவதால் நீர்ப்பரப்பும் அந்தத் திசையில்தான் விரிந்து கிடக்கிறது. மாலையில் வெளிச்சம் தண்ணீர் மேல் படுத்துவிடும். கடலுக்குள் இறங்கும் காட்சி இல்லை, கரட்டு மலைகளுக்குப் பின்னால் நழுவும் காட்சி. மாண்டவிக்கு நூறு என்றால் இதற்கு எழுபது போடுவேன். ஸ்பீக்கர் இல்லாததற்கு ஐந்து சேர்த்துக்கொள்ளலாம். பூங்காவில் பிள்ளைகளை விட்டுவிட்டு, வெளியே வரிசையாக இருக்கும் வறுவல் கடையில் மீனைக் கீறி மசாலா தடவி எண்ணெயில் போடுவதைப் பார்த்தபடி நிற்கலாம். வாழையிலைத் துண்டில் வெங்காயத்தோடு வரும். சுடச்சுட, விரல் சுட.

மறைக்காமல் ஒன்று சொல்ல வேண்டும். தென்பெண்ணை பெங்களூர்ப் பக்கத்துக் கழிவையும் சுமந்துகொண்டுதான் வருகிறது. ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். கே.ஆர்.பி.யிலும் சில நாள் தண்ணீர் பச்சை பிடித்து வாடை அடிக்கும். அன்றைக்கு அஸ்தமனம் அழகாகத்தான் இருக்கும், மூக்குதான் ஒத்துழைக்காது. படகிலும் ஏறியாக வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் அவதானப்பட்டி ஏரியில் படகு இல்லம் இருக்கிறது. மிதி படகில் ஒரு சுற்று. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

கடைசியாக ஆட்டம். இதில்தான் கோவாவும் நாமும் ஒரே தராசில் நிற்கவே முடியாது என்று நினைக்கிறேன். நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் கோடையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள், அதாவது மகாபாரதக் கதையை நாள்கணக்கில் சொல்லி ஆடும் திருவிழா. பகலில் பிரசங்கம், ராத்திரி தெருக்கூத்து, கடைசி நாள் துரியோதனன் படுகளமும் தீமிதியும். கூத்து தொடங்க ராத்திரி பத்து ஆகிவிடும். டிக்கெட் கிடையாது. பாய், போர்வை, தண்ணீர் பாட்டில், அவ்வளவுதான் சாமான்.

ஒரு காட்சி மட்டும் சொல்கிறேன். இரண்டு பேர் ஒரு வேட்டியைத் திரையாகப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஆர்மோனியம் ஏறும், மிருதங்கம் ஏறும், முகவீணை இழுக்கும். திரைக்குக் கீழே சலங்கை கட்டிய கால் மட்டும் தெரியும், மேலே கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும். ஆள் இன்னும் வரவில்லை, ஆனால் துரியோதனன் வந்துவிட்டான் என்று கூட்டத்துக்குத் தெரியும். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளைத் தட்டி எழுப்புவார்கள். திரை விலக இன்னும் கால் மணி நேரம் ஆகும். மாண்டவிப் படகில் அதற்குள் மூன்று ஆட்டம் முடிந்திருக்கும். நடுவே கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் புகுந்து ராஜாவையும் கிண்டலடிப்பான், எதிரில் உட்கார்ந்திருக்கும் ஊர்க் கவுண்டரையும் கிண்டலடிப்பான், யார் கையிலாவது போன் வெளிச்சம் தெரிந்தால் அவர் தொலைந்தார். அர்ச்சுனன் தபசு அன்றைக்கு நட்டு வைத்த உயரமான மரத்தில் வேஷம் கட்டியவர் படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே ஏறுவார். உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் எறிவார், கீழே முந்தானையை விரித்தபடி பெண்கள் நிற்பார்கள். பக்கவாட்டில் சுக்குக்காபி, வறுகடலை. விடிகிற வரைக்கும்.

எல்லோருக்கும் இது ஒத்துவருமா? வராது. ராத்திரி முழுக்கத் தரையில் உட்கார முடியாதவர்கள், தமிழில் விருத்தம் காதில் ஏறாத பிள்ளைகள், மறுநாள் ஆபீஸ் இருப்பவர்கள், இவர்களுக்கெல்லாம் அந்த ஒரு மணி நேர ஆட்டமே மேல். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

செலவைப் பார்த்தால் கணக்கு இன்னும் கோணலாகும். கோவாவில் படகுச் சீட்டு சின்னச் செலவுதான். நமக்கு இங்கிருந்து பெங்களூர் போய், அங்கிருந்து ராத்திரி பஸ், தங்க அறை, திரும்ப இன்னொரு ராத்திரி பஸ். ஒரு மணி நேர மாலைக்கு இரண்டு ராத்திரி. வேறு வேலையாகக் கோவா போகிறவர்கள் கட்டாயம் ஏறலாம். படகுக்காகவே போவது என்னைக் கேட்டால் வீண்.

நம்ம ஊரில் பணத்தைவிட நாள் பார்ப்பதுதான் முக்கியம். மாமாவுக்கு விடுமுறை கிடைப்பது ஆடியில். ஆடி 18க்கு ஒகேனக்கல்லில் அரசு விழா எடுப்பார்கள், மேடை நிகழ்ச்சி எல்லாம் உண்டு. ஆற்றைப் பார்க்கவும் அதுதான் நேரம். ஆனால் அப்போதுதான் கர்நாடகத்து அணைகள் நிரம்பி வழியும். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து ஏற ஏற, முதலில் பரிசலுக்குத் தடை வரும், அப்புறம் குளிக்கத் தடை. 2024 ஆடியில் வரத்து ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியது, கரையில் நின்று பார்ப்பதோடு சரி. கூத்தும் அதற்குள் பெரும்பாலும் முடிந்திருக்கும்.

வைகாசி என்றால் கதை வேறு. தண்ணீர் அடங்கிப் பரிசல் ஓடும், கூத்து நோட்டீஸ் டீக்கடைச் சுவரில் ஒட்டியிருக்கும், கிருஷ்ணகிரி மண்டிகளில் செந்தூரா, பெங்களூரா மாங்காய்கள் மலைமலையாகக் குவிந்திருக்கும். கொஞ்சம் தள்ளி ஆனியில் வந்தால் கிருஷ்ணகிரியில் மாங்கனிக் கண்காட்சி. மாலையில் அங்கேயும் மேடை உண்டு, சும்மா உட்கார்ந்து மாம்பழம் தின்றுகொண்டே பார்க்கலாம். வெயில் கொளுத்தும், அதற்குத்தான் அருவி.

நான் மாமாவுக்குப் போட்டுக் கொடுத்த திட்டம் இது. முதல் நாள் காலையில் ஒகேனக்கல், பரிசல், குழம்பு, களி, இருட்டுவதற்குள் வீடு. மறுநாள் மதியம் வரைக்கும் தூக்கம், மாலையில் டேம், மீன் வறுவல், அஸ்தமனம், அப்படியே பக்கத்தில் எந்த ஊரில் கூத்தோ அந்த ஊர். ஒரே நாளில் நான்கையும் அடக்கப் பார்க்காதீர்கள். நான் ஒரு தடவை பார்த்தேன். பரிசல் துறைக்குப் போய்ச் சேரும்போது சீட்டு கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள், டேமுக்கு வரும்போது இருட்டிவிட்டது, கூத்தில் முதல் பாட்டுக்கே நான் குறட்டை விட்டதாக அம்மா இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மாமா திட்டத்தைப் படித்துவிட்டு இரவே போன் செய்தார். வைகாசியில் நான்கு நாள் லீவு கேட்டுப் பார்க்கிறாராம். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "கூத்துல நடுவுல எழுந்து போனா அந்தக் கட்டியங்காரன் ஏதாச்சும் சொல்லுவானா மாப்ள?" என்றார்.

கண்டிப்பாகச் சொல்லுவான் என்றேன்.