சின்னமுட்டத்திலிருந்து விழிஞ்ஞம்: கரையை ஒட்டிப் போவதா, வெளியே போவதா?

கன்னியாகுமரியை ஒட்டிய சின்னமுட்டத்தில் கிளம்பி ஒரே பகலில் திருவனந்தபுரம் பக்கத்து விழிஞ்ஞம் துறைமுகம் போய்ச் சேரப் பாய்மரப் படகுக்கு இரண்டு வழிகள். குமரிமுனையைச் சுற்றியதும் மணக்குடி, முட்டம், குளச்சல் என்று கரையை இரண்டு மூன்று மைலில் வைத்துக்கொண்டே போனால் ஏறத்தாழ 40 கடல் மைல். 12 மைல் வெளியே இறங்கி வளைத்துப் போனால் 50 ஆகிவிடும். ஐந்து நாட் (மணிக்கு ஐந்து கடல் மைல்) வேகத்தில் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம். நண்பரின் 34 அடிப் படகில் இரண்டு ஜனவரிகளில் இரண்டையும் ஓட்டிப் பார்த்தோம்.

கரை வழியின் காலை நேரத்தைக் குறை சொல்லவே முடியாது. மலைப்பக்கமிருந்து இறங்கும் கரைக்காற்று பாயை நிறைக்கும், கடல் குளம்போலக் கிடக்கும், கட்டன்சாயா சிந்தாது. பதினோரு மணிக்கு மேல் அது செத்துப்போகும். மதியம் கடற்காற்று மேற்கிலிருந்து நேராக மூஞ்சியில் அடிக்க ஆரம்பித்தால் அப்புறம் இஞ்சின்தான்.

அதைவிடப் பெரிய பிரச்சினை வலை. முட்டத்துக்கு வெளியே எங்கள் இஞ்சின் விசிறியில் வலை சுற்றி, கத்தியோடு குதித்து அறுத்தெடுக்க ஒரு மணி நேரம் ஆனது. யாரோ ஒருவரின் பிழைப்பை அறுக்கிறோமே என்ற வருத்தம் இன்னும் போகவில்லை. பக்கத்தில் வந்த வள்ளத்துப் பெரியவர் கேட்டார்: "கடியப்பட்டணம் வரைக்கும் பாறை கெடக்கு, வலை கெடக்கு, நீ எதுக்கு மக்கா உள்ள வாற?"

வெளியே வேறு மாதிரி. வடகிழக்குக் காற்று மன்னார் வளைகுடாவிலிருந்து முனையைத் தாண்டியும் நிற்கும். கரையோரத்தில் அதை மலை மறைத்துவிடும். அந்தப் பருவத்தில் மேற்குக் கரை நீரோட்டமும் வடக்கு நோக்கித்தான், அது இரண்டு வழிக்கும் லாபம். ஆனால் அலையின் ஆட்டம் நாள் முழுக்க இருக்கும், வாந்தி எடுப்பவர்களுக்குக் கொடுமை. கப்பல்கள் தாங்கள் இருக்கும் இடத்தை வானொலியில் அறிவிக்கும் ஏஐஎஸ் கருவியின் திரையில் அவற்றைப் பார்த்துவிடலாம். தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் படகுகள் எல்லாமே அதில் தெரியும் என்று நம்பக் கூடாது, கண்தான் காவல்.

கரை பக்கத்தில் இருந்தால் பாதுகாப்பு என்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. தேங்காய்ப்பட்டணம் முகத்துவார மணல்மேட்டில் படகுகள் கவிழ்ந்து உயிர்கள் போயிருக்கின்றன, அங்கே தினமும் போய்வருகிறவர்களுக்கே அந்தக் கதி. தண்ணீருக்குக் கீழே ஆறடி ஆழத்துக்கு நீளும் எங்கள் படகின் அடிப்பகுதியை வைத்துக்கொண்டு நாங்கள் எங்கே நுழைவது? இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் பிறந்து, இங்கே காற்றே இல்லாத நாளிலும் கள்ளக்கடலாக, அதாவது சொல்லாமல் கொள்ளாமல், வரும் அலை, ஆழத்தில் படகைத் தூக்கி இறக்கிவிட்டுப் போய்விடும். ஆழம் குறைந்த இடத்தில்தான் அது உடையும். இஞ்சின் நின்றால் வெளியே எனக்குப் பாய் இருக்கிறது, யோசிக்க நேரம் இருக்கிறது. கரையில் இரண்டும் இல்லை.

அதனால் என் ஓட்டு வெளி வழிக்கு. விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்ப வேண்டும், ஜனவரியில் ஆறேகால் வாக்கில் சூரியன் விழுந்துவிடும், அதற்குள் விழிஞ்ஞம் பிடித்தாக வேண்டும். குழந்தைகளோ முதல்முறை வருபவர்களோ இருந்தால் மட்டும் கரை வழி, அதுவும் குளச்சல் வரைக்கும்தான். முனையிலிருந்து 20 மைலுக்குள், காற்று திரும்பும் முன்னே நங்கூரம் போட்டுவிடலாம், மிச்சத்தை மறுநாள் காலைக் கரைக்காற்றில் பார்த்துக்கொள்ளலாம்.