காற்று உடையா, ரோபோ கையா: இணைவு உலைக்குள் யாரை அனுப்புவது?

இணைவு உலை ஓடும்போது ஊழியர் பாதுகாப்பில் பெரிய குழப்பம் இல்லை. ஹைட்ரஜனின் கனமான வகைகளான டியூட்டீரியமும், கதிர்வீசும் டிரிடியமும் இணைந்து 14.1 மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள நியூட்ரான்களைக் கக்குகின்றன. தடித்த கான்கிரீட் சுவர் அவற்றைத் தாங்கிக்கொள்ளும், உள்ளே ஆளும் இருப்பதில்லை. நிறுத்திய பிறகுதான் சிக்கல். நியூட்ரான் பட்ட எஃகு கதிர்வீசும், உலையின் உட்சுவரில் டிரிடியம் ஊறியிருக்கும். பழுது பார்க்க யார் போவது?

டிரிடியத்தின் பீட்டா கதிர் தோலைக்கூடத் துளைக்காது. ஆனால் அது நீராவியோடு கலந்துவிட்டால் மூச்சு வழியாக மட்டுமல்ல, தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். மூச்சில் போவதில் ஏறக்குறைய பாதியளவு தோல் வழியே ஏறுகிறது. அதனால் வெறும் முகமூடி போதாது. குழாயில் காற்று வரும் முழு உடை வேண்டும். அப்புறம் சிறுநீர்ப் பரிசோதனையும் தவறக் கூடாது.

சரி, அந்த உடை காமா கதிரைத் தடுக்குமா? தடுக்காது. எஃகில் உள்ள கோபால்ட் நியூட்ரான் பட்டு, காமா கதிர் வீசும் கோபால்ட்-60 ஆக மாறும்; எக்ஸ்ரே அறையின் ஈய மேலங்கியும் அதன் முன் பெரிதாக உதவாது. கோபால்ட்-60இன் அரை ஆயுள் 5.27 ஆண்டு என்பதால், சில வாரம் பொறுத்துப் போவதாலும் அந்தப் பங்கு குறையாது. குறுகிய ஆயுள் கொண்டவைதான் அடங்கும்.

இங்கேதான் ரோபோ கை முந்துகிறது. இங்கிலாந்தில் இருந்த ஜெட் (JET) என்ற சோதனை இணைவு உலையில் 1997 டிரிடியம் சோதனைகளுக்குப் பிறகு, 1998இல் டைவர்டர் (உலையின் அடியில் வெப்பத்தையும் கழிவுத் துகளையும் வாங்கும் பகுதி) பாகங்களை ஆள் நுழையாமலே மாற்றினார்கள். மாஸ்காட் என்ற இரட்டைக் கை இயந்திரத்தை இயக்குபவர் கட்டுப்பாட்டு அறையில் இருந்தபடியே போல்ட்டின் இறுக்கத்தைத் தன் கையில் உணர்வார். குறையும் உண்டு: வேலை மெதுவாக நடக்கும். ஒவ்வொரு பாகத்தையும் ரோபோ பிடிக்கத் தோதாக முதலிலேயே வடிவமைத்திருக்க வேண்டும். ரோபோவே பழுதானால், டிரிடியம் படிந்த அதைச் சரிசெய்ய மனிதர்தான் வரவேண்டும்.

என் ஓட்டு ரோபோவுக்கே. ஆனால் அதைவிட முந்தி எடுக்க வேண்டிய முடிவு எஃகில் கோபால்ட்டைக் குறைப்பது. பிரான்சில் கட்டப்படும் பன்னாட்டு இணைவு உலையான ஐட்டர், உலோகத்தில் எவ்வளவு கோபால்ட் இருக்கலாம் என்பதற்கே வரம்பு விதித்திருக்கிறது. அங்கே ஆள் போக வேண்டிய போர்ட் (உலைக்குள் செல்லும் வாயில்) பகுதிகளில், நிறுத்தி 12 நாள் கழித்து மணிக்கு 100 மைக்ரோசீவர்ட்டுக்குள் கதிரளவு இருக்க வேண்டும் என்பது இலக்கு. அந்த அளவிலேயே 200 மணி நேரம் வேலை செய்தால் 20 மில்லிசீவர்ட். பன்னாட்டுப் பரிந்துரை தரும் சராசரி ஆண்டு வரம்பு அதோடு தீர்ந்துவிடும். ஆகவே அங்கே கை வேலையை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைப்பதுதான் நியாயம்.