பிளாக்கில் பூத்த துரு: தேய்ப்பதா, ஊறவைப்பதா?

போரிங் பட்டறையில் சிலிண்டரைக் கடைந்து வாங்கி வந்த எஞ்சின் பிளாக், பிஸ்டன் செட் வரும் வரை ஷெட்டின் ஒரு மூலையில் கிடக்கும். சென்னை மாதிரி கடலோர ஊரில், அதுவும் ஐப்பசி மழை நேரத்தில், எண்ணெய் தடவாமல் விட்டால் ஓரிரு நாளிலேயே செம்பழுப்பாகத் துரு பூத்துவிடும். இதை எடுக்க ஆளுக்கு ஒரு வழி சொல்வார்கள். எந்த வழியில் துரு சீக்கிரம் போகிறது என்று பார்ப்பதைவிட, அந்த வழி பிளாக்குக்குள் எதை விட்டுவிட்டுப் போகிறது என்று பார்ப்பதுதான் முக்கியம் என்பது என் கட்சி.

இங்கே நான் மனதில் வைத்திருப்பது பழைய அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். பிளாக், அதை மேலே மூடும் ஹெட் இரண்டுமே வார்ப்பிரும்பு. மற்ற வார்ப்பிரும்பு பிளாக்குகளுக்கும் பெரும்பாலும் இதே கதைதான். அலுமினிய பிளாக் வேறு சங்கதி.

முதலில் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் துடைத்து, சிலிண்டர் சுவரில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் அது மேல்துரு. பிஸ்டன் ரிங் உரசி ஓடும் இடத்தில் நகம் தட்டினால் குழி விழுந்திருக்கிறது. குழியை எந்த மருந்தும் நிரப்பாது, பட்டறைக்கே திரும்பக் கொண்டுபோக வேண்டியதுதான்.

மேல்துரு என்றால் என் ஓட்டு எண்ணெய்க்கும் நைலான் தேய்ப்பானுக்கும்தான். ஸ்காட்ச்-பிரைட் மாதிரியான தேய்ப்பானை எஞ்சின் ஆயிலிலோ டபிள்யூடி-40-இலோ நனைத்து, ஹோனிங் கோடுகள் (பட்டறையில் கல்லால் தேய்த்துச் சுவரில் விடும் குறுக்குக் கோடுகள்) போகிற வாக்கிலேயே கையால் தேய்த்தால் போதும். துரு சேறாக எண்ணெயோடு வந்துவிடும், சிலிண்டர் அளவும் மாறாது. கையால் என்பதை அழுத்திச் சொல்கிறேன். அதே பொருளை வட்டாக வாங்கி டிரில்லில் மாட்டி ஹெட் உட்காரும் முகத்தில் ஓட்டுகிறவர்கள் உண்டு. பளபளவென்று ஆகும், ஆனால் முகம் அங்கங்கே பள்ளமாகும். அந்த வட்டிலிருந்து உதிர்வது அலுமினியம் ஆக்சைடு தூள். அது ஆயிலோடு கலந்து பேரிங்கைத் தின்றுவிடும் என்று ஜெனரல் மோட்டார்ஸ் தன் சர்வீஸ் பட்டறைகளுக்குச் சுற்றறிக்கையே விட்டது.

எமரி ஷீட்டும் வேலை செய்யும். ஹெட் முகத்துக்கு, தட்டையான ஒரு கட்டையில் சுற்றி, எண்ணெய் விட்டு, லேசாகப் பயன்படுத்தலாம். விரலால் அழுத்தித் தேய்த்தால் முகம் மேடுபள்ளமாகும். சிலிண்டருக்குள் அதை விடாமலிருப்பது நல்லது. நேர்வாக்கில் கீறல் விழுந்தால் ஹோனிங் செய்த காசு வீண். டிரில்லில் மாட்டும் உருண்டை ஹோன் நல்ல கருவிதான், ஆனால் பிஸ்டனுக்கு அளவு பார்த்து முடித்த சிலிண்டரில் அதை மறுபடி ஓட்டுவதற்கு முன் யோசியுங்கள். அங்கே இடைவெளியே மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான்.

வயர் பிரஷ்ஷை வெளிப்புறத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கிரைண்டரில் சுற்றும் கம்பி பிரஷ், பெயின்ட் அடிக்கப்போகும் பக்கவாட்டுச் சுவரை நொடியில் சுத்தம் செய்யும். ஆனால் கம்பிகள் ஒடிந்து பறக்கும். ஒரு துண்டு ஆயில் கேலரிக்குள், அதாவது பிளாக்குக்குள் ஆயில் ஓடும் துளைக்குள், போனால் எப்போது வெளியே வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் எல்லா ஓட்டைகளையும் அடைத்துவிட்டுத்தான் கிரைண்டரைக் கையிலெடுக்க வேண்டும். சேண்ட் பிளாஸ்டிங்கும் இதே ஆபத்துதான், பல மடங்காக. சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் வாட்டர் ஜாக்கெட்டில் புகுந்த மணலை முழுக்க வெளியே எடுத்தவரை நான் பார்த்ததில்லை.

சரி, ஊறவைக்கும் வழிகள்? வினிகரும், எலுமிச்சை உப்பு என்று கடையில் கிடைக்கும் சிட்ரிக் ஆசிடும் மலிவு. லிட்டருக்கு 50 கிராம் கரைத்தால் மேல்துரு கரைந்துவிடும். ஆனால் துரு தீர்ந்ததும் ஆசிட் நிற்காது, இரும்பைத் தின்னத் தொடங்கும். வார்ப்பிரும்புக்குள் கிராஃபைட் செதில்கள் இருக்கின்றன. சுற்றியுள்ள இரும்பு கரைய, அவை மட்டும் கரிபோல் மேலே நிற்கும். மெருகு போட்ட முகத்துக்கு இது ஆகாது. வால்வை இயக்கும் கேம்ஷாஃப்ட் சுற்றுகிற புஷ்ஷைக் கழற்றாமல் பிளாக்கை முக்குவதும் கூடாது. பாத்ரூம் கழுவும் ஆசிடைப் பற்றிப் பேச்சே வேண்டாம். அதன் ஆவியே ஷெட்டில் இருக்கும் மற்ற ஸ்பேனர்களையும் துருப்பிடிக்க வைக்கும்.

பாஸ்பாரிக் ஆசிட் கலந்த துருநீக்கி கொஞ்சம் வேறு. இரும்பின் மேல் பாஸ்பேட் படலம் விடும், பெயின்ட் அதில் நன்றாகப் பிடிக்கும். வெளிச்சுவருக்கு அது அருமை. சிலிண்டருக்கும் பேரிங் இருக்கைக்கும் அந்தப் படலம் வேண்டவே வேண்டாம்.

எவாப்போ-ரஸ்ட் மாதிரியான கரைசல்கள் ஆசிட் போல வேலை செய்வதில்லை. துருவில் இருக்கும் இரும்பை மட்டும் பிடித்து இழுத்துக்கொள்கின்றன, நல்ல இரும்பைத் தொடுவதில்லை. நம் ஊர் வெப்பத்துக்கு நன்றாகவே வேலை செய்யும். சிக்கல் செலவில்தான். முழு பிளாக்கும் மூழ்க எத்தனை லிட்டர் வாங்குவது? பாதி மூழ்கவிட்டால் கரைசல் நின்ற மட்டத்தில் ஒரு கோடு அரித்து நிற்கும். நானாக இருந்தால் மெயின் கேப், ராக்கர் ஷாஃப்ட் போன்ற சின்ன சாமான்களுக்கு மட்டும் வைத்துக்கொள்வேன்.

சலவை சோடா நீரில் பேட்டரி சார்ஜர் வைத்துச் செய்யும் மின்பகுப்பும் உண்டு. பிளாக் நெகட்டிவில், பழைய இரும்புத் துண்டு பாசிட்டிவில். மாற்றிக் கொடுத்தால் பிளாக்தான் கரையும். ஸ்டெயின்லெஸ் துண்டு வைத்தால் நீரில் நச்சுக் குரோமியம் சேரும். கிளம்பும் ஹைட்ரஜன் தீப்பிடிக்கும் என்பதால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். பல வருடம் வெளியில் கிடந்த பிளாக்குக்குப் பொருந்தும். மேல்துருவுக்கு இதைச் செய்வது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதுதான்.

எந்த வழியில் போனாலும் கழுவுவதில் பலர் கோட்டை விடுகிறார்கள். மண்ணெண்ணெயோ டீசலோ கிரீஸை எடுக்கும், தேய்த்த தூளைச் சுவரிலேயே விட்டுவிடும். சுடுநீரும் பாத்திரம் கழுவும் சோப்பும்தான் தூளைக் கிளப்பும். கேலரி பிளக்குகளைக் கழற்றி, நீளமான பிரஷ் விட்டுக் கழுவி, உடனே கம்ப்ரஸர் காற்றால் உலர்த்துங்கள். வெறும் இரும்பு சில நிமிடத்தில் மறுபடி பழுப்பேறும், அதனால் எண்ணெயைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் எண்ணெய் நனைத்த வெள்ளைத் துணியால் சிலிண்டரைத் துடையுங்கள். பனியன் வேஸ்ட் வேண்டாம், நூல் விடும். துணியில் சாம்பல் நிறம் வந்தால் இன்னொரு முறை சோப்பு. வராவிட்டால் தாராளமாக எண்ணெய் பூசி, பெரிய பிளாஸ்டிக் பையால் மூடிவிட்டு பிஸ்டன் கடைக்குப் போன் போடலாம்.