பேக்கேஜா, தனித்தனி புக்கிங்கா? நடக்காமல் போன காஷ்மீர் பயணத்தில் இரண்டு வீட்டுப் பணம்

2025 மே 8-ஆம் தேதி நாங்கள் கோவையிலிருந்து டெல்லி வழியாக ஸ்ரீநகர் போயிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் மாமியாரோடு ஐந்து பேர், திருப்பூரில் இருக்கும் அக்கா வீட்டில் நான்கு பேர். இரண்டு வீட்டுக்கும் அதே தேதி, அதே ஊர். பணம் கட்டிய விதம்தான் வேறு. அக்கா வீட்டில் உள்ளூர் டூர்க்காரர் ஒருவரிடம் விமான டிக்கெட் உட்பட எல்லாம் சேர்த்து ₹1,72,000-க்கு பேக்கேஜ் எடுத்தார்கள். நான் விமானம், ஓட்டல், படகு வீடு, வண்டி என்று ஒவ்வொன்றையும் தனியாகப் பிடித்தேன்.

ஏப்ரல் 22-ஆம் தேதி பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். ஒரு வாரத்தில் காஷ்மீரின் 87 சுற்றுலா இடங்களில் 48 மூடப்பட்டன. மே 7-ஆம் தேதி ஆபரேஷன் சிந்தூர் தொடங்கியதும் ஸ்ரீநகர் விமான நிலையம் மூடப்பட்டது. மொத்தம் 32 விமான நிலையங்கள் மூடப்பட்டு, மே 12-ஆம் தேதிதான் திறந்தன. அங்கே உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்களின் துயரத்துக்கு முன்னால் எங்கள் பணக் கணக்கைப் பேசவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் இரண்டு வருடம் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம் அது. அடுத்து கிளம்பும் குடும்பத்துக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் தனித்தனி புக்கிங் பக்கம்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பேக்கேஜின் வசதிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. அலைச்சல் இல்லை, சாப்பாட்டுக்குத் தேட வேண்டாம், ஒரு போன் போட்டால் பேச ஒரு ஆள் உண்டு. விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. எல்லாம் நல்லபடியாக நடந்தால் இரண்டுமே ஒன்றுதான். நடக்காமல் போகும்போது நாம் கட்டிய ரூபாய் இப்போது யார் கையில் இருக்கிறது, அது எந்த வழியாக நம்மிடம் திரும்பும் என்ற கேள்வி வரும். எனக்கு அதுதான் முடிவைத் தீர்மானிக்கிற விஷயம்.

என் கணக்கை முதலில் சொல்கிறேன். எங்கள் நான்கு பேருக்கும் போக வர விமான டிக்கெட் ₹92,000. விமான நிறுவனத்தின் தளத்திலேயே, கோவை–டெல்லி–ஸ்ரீநகர் முழுவதும் ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், கிரெடிட் கார்டில் எடுத்தேன். பஹல்காம் செய்தி வந்த அன்று இரவே ரத்து செய்துவிடலாம் என்றார் என் கணவர். நான் பொறுத்திருந்தேன். நாமாக ரத்து செய்தால் ரத்துக் கட்டணம் போகும். விமான நிறுவனம் ரத்து செய்தால் முழுப் பணமும் வர வேண்டும். தாக்குதலுக்குப் பிறகு ஸ்ரீநகர் விமானங்களுக்குக் கட்டணமில்லாமல் ரத்து செய்யலாம் என்று நிறுவனங்கள் சலுகை அறிவித்தன. முதலில் வந்த அறிவிப்பு ஏப்ரல் 30 வரையிலான பயணங்களுக்குத்தான். எங்கள் தேதி அதற்குள் வரவில்லை. ஆகவே தினமும் அறிவிப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். மே 7-ஆம் தேதி விமானம் ரத்து என்று குறுஞ்செய்தி வந்தது. டெல்லி வரை விமானம் ஓடினாலும் ஒரே பி.என்.ஆர். என்பதால் மொத்தமும் ரத்தாகி, பணம் அதே கார்டுக்குத் திரும்பியது. யாரிடமும் கெஞ்சவில்லை.

இதே வீட்டில் ஒரு தவறும் நடந்தது. அத்தை, அதாவது என் மாமியார், வருவதாகக் கடைசியில்தான் முடிவானது. அவருக்கு மட்டும் விலை குறைவு என்று கோவை–டெல்லி ஒரு நிறுவனத்திலும், டெல்லி–ஸ்ரீநகர் இன்னொரு நிறுவனத்திலும் தனித்தனி டிக்கெட் எடுத்தேன். ஸ்ரீநகர் டிக்கெட்டுக்கு முழுப் பணம் வந்தது. கோவை–டெல்லி விமானம் வழக்கம்போலப் பறந்ததால் அந்த ₹13,500-இல் வரிகளும் விமான நிலையக் கட்டணமும் மட்டுமே திரும்பின. அதைக்கூட நான் எழுதிக் கேட்ட பிறகுதான் தந்தார்கள். ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கட்டணத்தையும் தாண்டக் கூடாது, அரசு வரிகளைத் திருப்பித் தந்தே ஆக வேண்டும் என்பது விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதி. ‘பணம் திரும்பாது’ என்று போட்டிருக்கும் டிக்கெட்டுக்கும் இது பொருந்தும். பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

ஓட்டலுக்கு நான் முன்பணமே கட்டவில்லை. போய்ச் சேர்ந்ததும் பணம் கொடுக்கும் வகையில், மூன்று நாள் முன்புவரை இலவச ரத்து என்று போட்டிருந்த அறையாகப் பார்த்து எடுத்தேன். இரவுக்கு நானூறு, ஐந்நூறு ரூபாய் கூடத்தான். டால் ஏரியில் படகு வீட்டுக்காரருக்கு மட்டும் ₹5,000 அட்வான்ஸ். அவரே போன் செய்து, பணம் வேண்டுமானால் அனுப்பிவிடுகிறேன், வருவதாக இருந்தால் எப்போது வந்தாலும் கழித்துக்கொள்ளலாம் என்றார். அவருக்கு அந்த சீசனே போய்விட்டது, அப்போதும் அப்படிச் சொன்னார். ஆயுத பூஜை விடுமுறையில் போனோம், வாடகையில் கழித்துக்கொண்டார்.

அக்கா வீட்டில் நடந்தது வேறு. பயணத்துக்கு 30 நாள் முன்பே முழுத் தொகையும் கட்டியாகிவிட்டது. கார்டில் கட்டினால் இரண்டு சதவீதம் கூடுதல் என்று டூர்க்காரர் சொன்னதால், அந்த ₹3,440-ஐ மிச்சப்படுத்த மாமா (அக்காவின் கணவர்) வங்கிக் கணக்கிலிருந்து நேராக அனுப்பிவிட்டார். விமானம் ரத்தான பிறகு கேட்டபோது, “டூரை நாங்கள் ரத்து செய்யவில்லை, தள்ளித்தான் வைத்திருக்கிறோம்” என்று சொல்லி ஒரு வருடம் செல்லும் கிரெடிட் நோட் கொடுத்தார்கள்; பணமாகத் தராமல், அவர்களிடமே அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ளும் சீட்டு அது. நீங்களாக ரத்து செய்வதானால், பயணத்துக்கு 15 நாளுக்கும் குறைவாகவே இருப்பதால் ஒன்றும் திரும்பாது என்று, ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினார்கள். விமான டிக்கெட் பணமும் டூர்க்காரர் கணக்குக்குத்தான் போயிருந்தது. எடுத்தவர் அவர், அதனால் திரும்புவதும் அவருக்குத்தான். பி.என்.ஆரில் இருந்த போன் நம்பர்கூட அவருடையது. விமானம் ரத்தான செய்தி அக்காவுக்கு வரவே இல்லை, என்னிடமிருந்துதான் தெரிந்துகொண்டாள்.

அந்த ₹3,440-ஐப் பற்றி நிறையவே சொல்ல வேண்டியிருக்கிறது. யுபிஐயிலோ வங்கி மாற்றத்திலோ கொடுத்த பணம் போனது போனதுதான், வாங்கியவர் மனது வைத்தால்தான் திரும்பும். கிரெடிட் கார்டில் கட்டினால் நமக்கும் விற்றவருக்கும் நடுவில் ஒரு வங்கி நிற்கிறது. பணம் வாங்கிக்கொண்டு சேவை தரவில்லை என்றால் கார்டு கொடுத்த வங்கியில் டிஸ்ப்யூட் போடலாம். வங்கி விற்றவரிடம் ஆதாரம் கேட்கும், அவரால் காட்ட முடியாவிட்டால் பணத்தைப் பிடித்து நமக்குத் தரும். சார்ஜ்பேக் என்கிறார்கள். இதற்குக் காலக்கெடு உண்டு என்பதால், ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்று டூர்க்காரர் சொல்லிச் சொல்லி இழுக்க விடக் கூடாது. ரத்துச் செய்தி, இன்வாய்ஸ், நாம் கேட்டு எழுதிய மெயில் எல்லாம் கையில் இருக்க வேண்டும். நாமாகப் பயந்து ரத்து செய்த பயணத்துக்கு இது செல்லாது. கிரெடிட் நோட்டுக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தாலும் பலம் குறைந்துவிடும். நிறுவனமே மூழ்கிப்போகும்போதுதான் இதன் அருமை தெரியும். 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது, 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றது. திவால் நடவடிக்கை தொடங்கிவிட்டால் டிக்கெட் வாங்கியவரும் வரிசையில் நிற்கும் கடன்காரர்களில் ஒருவர்தான், அந்த வரிசையில் வங்கிகள் நமக்கு வெகு முன்னால் நிற்கும். இரண்டு சதவீதம் தண்டம் என்று மாமா நினைத்தார். நான் அதைக் காப்பீட்டு பிரீமியம் என்றே நினைக்கிறேன். ஒன்று, கார்டு பில்லை முழுதாகக் கட்ட முடிகிறவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். வட்டியில் மாட்டினால் கணக்கே மாறிவிடும்.

லண்டனில் இருக்கும் என் தோழி நேர் எதிராகச் சொன்னாள். பேக்கேஜ்தான் பாதுகாப்பு, தனித்தனியாக எடுப்பதுதான் ஆபத்து என்றாள். அவள் ஊருக்கு அது சரி. பிரிட்டனில் விமானத்தோடு சேர்ந்த பேக்கேஜ் விற்பவர்கள், நிறுவனம் மூழ்கினாலும் பயணியின் பணத்தைக் காக்கும் ஏடிஓஎல் திட்டத்தில் இருந்தாக வேண்டும். 2019 செப்டம்பரில் அங்கே தாமஸ் குக் என்ற பெரிய டூர் நிறுவனம் கவிழ்ந்தபோது சுமார் 1,50,000 பேரை அந்நாட்டு விமானத் துறையே திருப்பி அழைத்துவந்தது, பேக்கேஜ்காரர்களுக்குப் பணமும் திரும்பியது. நம் ஊரில் டூர்க்காரரிடம் கட்டும் பணத்துக்குப் பின்னால் அப்படியொரு நிதி இல்லை. இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பாதி அந்த ஊர்க்காரர்கள் எழுதியவை. அவற்றை இங்கே அப்படியே பின்பற்றினால் காலை வாரிவிடும்.

இன்சூரன்ஸ் எடுத்தால் போதாதா என்று கேட்பார்கள். நான் எடுத்திருந்தேன், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாலிசியில் பட்டியல் போட்ட காரணங்களுக்குத்தான் பணம் வரும்: ஆஸ்பத்திரியில் சேர்வது, நெருங்கிய உறவினர் மறைவு போன்றவை. போகப் பயமாக இருக்கிறது என்பது அந்தப் பட்டியலில் வராது. போர் என்பதைப் பொதுவாகவே விலக்கி வைத்திருப்பார்கள். சம்பவம் நடந்த பிறகு எடுத்த பாலிசி அந்தச் சம்பவத்துக்குச் செல்லாது. பயண ரத்துக்காக நான் இதுவரை க்ளெய்ம் போட்டதில்லை, ஆகவே அவர்கள் எவ்வளவு சீக்கிரம் தருவார்கள் என்பதில் என் பேச்சை எடுத்துக்கொள்ள வேண்டாம். ரயிலைப் பற்றி ஒரு வரி: 48 மணி நேரத்துக்கு முன் ரத்து செய்தால் மூன்றடுக்கு ஏசிக்கு அப்போது ஆளுக்கு 180 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் பிடித்தம். நாள் இருக்கிறவர்களுக்கு அதைவிடப் பத்திரமான டிக்கெட் இல்லை.

பேக்கேஜே கூடாது என்பதில்லை. அத்தை அடுத்து காசி, அயோத்தி போக ஆசைப்படுகிறார், கூட்டத்தோடு போனால்தான் அவருக்குத் துணை. அதற்குப் பேக்கேஜ்தான் எடுக்கப் போகிறேன். ஆனால் பணத்தைத் தவணையாகத்தான் கட்டுவேன், அதுவும் கார்டில். விமான டிக்கெட் எடுத்ததும் பி.என்.ஆர். வாங்கி விமான நிறுவனத்தின் தளத்தில் நானே போட்டுப் பார்ப்பேன். அதில் என் போன் நம்பரும் மெயிலும் இருக்க வேண்டும். ‘விமான நிலையம் மூடினால் பணமாகத் தருவீர்களா, கிரெடிட் நோட்டா?’ என்று வாட்ஸ்அப்பில் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்கிக்கொள்வேன். பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் கட்ட மாட்டேன். வெளிநாட்டு குரூப் டூர் நான் போனதில்லை, விசா கட்டணம் சேர்ந்த அந்தக் கணக்கு வேறாக இருக்கலாம்.

அக்கா வீட்டுப் பணம் முழுதாக இன்னும் வரவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தோம். ஏஜென்ட் மூலம் எடுத்த டிக்கெட்டானாலும் பணம் திரும்புவதற்கு விமான நிறுவனம்தான் பொறுப்பு, கிரெடிட்டாக வைத்திருப்பது பயணியின் விருப்பமே தவிர கட்டாயம் இல்லை என்ற டிஜிசிஏ விதியை எடுத்துக்காட்டி, விமான நிறுவனத்துக்கும், விமானப் பயணப் புகார்களுக்கான அரசுத் தளமான ஏர்சேவாவிலும் எழுதினோம். ஐந்து மாதம் கழித்து டிக்கெட் பங்கு மட்டும் டூர்க்காரர் வழியாக வந்தது. ஓட்டல், வண்டிப் பங்கு நிற்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. மாமா ரசீதுகளைக் கோர்த்து வைத்திருக்கிறார், இந்த வாரம் மனுவை எழுத உட்காருகிறோம்.